கரைப்பானுக்கும் வட்டம் விழுந்தது

நான் தனியார் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மூலிகைகளில் ஆன்டிபயாடிக் தேடியவர் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. என் பெயரில் வந்த கட்டுரைகளை இப்போது வரிசையாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பத்தியில் பயம் காட்டியிருக்கிறேன், கடைசிப் பத்தியில் நம்பிக்கை ஊட்டியிருக்கிறேன், நடுவில் ஒரு வட்டத்தை அளந்து எழுதியிருக்கிறேன். பயம் நிஜம். நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. வட்டத்தில் பொய் கலந்திருந்தது.

வட்டம் எதுவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்ரி தட்டில் முல்லர்-ஹின்டன் அகர் ஊற்றி உறைய வைப்போம். அதன்மேல் பாக்டீரியாவைப் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகத் தடவுவோம். மருந்து ஏற்றிய 6 மில்லிமீட்டர் காகித வில்லையை அதன்மேல் வைத்து 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விட்டுவிட்டால், மறுநாள் காலை தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம் இருக்கும். அதைத்தான் மாணவர்கள் ‘ஸோன்’ என்பார்கள். பாவர், கர்பி இருவரும் சகாக்களோடு சேர்ந்து 1966-இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இது. ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் இன்றும் தினமும் நடக்கிறது. மருந்து இன்னதென்று தெரிய வேண்டும், வில்லையில் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று தெரிய வேண்டும், இத்தனை மில்லிமீட்டர் வந்தால் நோயாளிக்குக் கேட்கும் என்ற அச்சிட்ட பட்டியல் வேண்டும். மூன்றும் இருந்தால் அருமையான சோதனை. என்னிடம் மூன்றில் ஒன்றுகூட இருந்ததில்லை.

எங்கள் முறை இப்படி. ஹாஸ்டலுக்குப் பின்னால் வளர்ந்து கிடக்கும் குப்பைமேனியையோ நொச்சியையோ மாணவிகள் பறித்து வருவார்கள். நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்து, மெத்தனாலில் ஊறப்போட்டு வடிகட்டி, வாட்டர் பாத்தில் வைத்துச் சுண்டவிட்டால் தார் மாதிரி ஒரு பச்சைக் களி மிஞ்சும். அதைத் திரும்பவும் மெத்தனாலில் கரைத்து வில்லையில் ஏற்றுவோம். காகித வில்லையை விலைக்கு வாங்குவது செலவு என்று, வாட்மேன் வடிதாளை அலுவலகத்துப் பஞ்சிங் மெஷினால் குத்தி எடுத்துக்கொள்வோம். (அந்த மெஷினில் அதற்குமுன் யார் வருகைப்பதிவேட்டைக் குத்தினார்கள் என்றெல்லாம் பார்த்ததில்லை. ஆட்டோகிளேவில் போட்டு எடுத்துவிடுவோம்.) மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்து, “சார், ஸோன் வந்திருக்கு!” என்று ஒரு பெண் ஓடிவருவாள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டிப் படிக்க வந்த பிள்ளைகள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எந்த வாத்தியாருக்கும் மனசு வராது. எனக்கு வராததற்கு அது மட்டும் காரணமில்லை. அந்த ஸோன் எனக்கும் வேண்டியிருந்தது.

ஒரு வருடம் இதேபோல் ஒரு மாணவி வந்து நின்றாள். ஆனால் ஓடிவரவில்லை.

“சார், கன்ட்ரோலுக்கும் ஸோன் வந்திருக்கு.”

“எவ்வளவு?”

“ஒன்பது இருக்கும் சார்.”

கன்ட்ரோல் என்பது கரைப்பான் மட்டும் ஏற்றிய வில்லை. இலைச்சாறு ஒரு துளியும் அதில் இல்லை. அதைச் சுற்றிக் கிருமி வளர்ந்து நிற்க வேண்டும். எங்கள் சாற்றுக்கு வந்த வட்டம் 12. வில்லையே 6. கரைப்பானே 9 வரை கொன்றுவிட்டதென்றால் மிச்சத்தில் இலைக்கு என்ன பங்கு? மெத்தனால் சரியாக ஆவியாகவில்லை. வில்லைகளை நன்றாக உலர்த்தித் திரும்பச் செய்திருக்க வேண்டும். வைவாவுக்கு நாள் நெருங்கிவிட்டது.

“கோடு போட்டுடும்மா” என்றேன்.

அட்டவணையில் கோடு என்றால் வட்டம் ஏதும் இல்லை என்று அர்த்தம். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், கோடு போட்டாள். அந்த அட்டவணை பிற்பாடு கட்டுரையாகவும் வந்தது. ஆராய்ச்சியில் பொய் சொல்வது எப்படி என்று பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடத்தை நான் அவளுக்கு நடத்தினேன்.

இது ஒரே தடவை நடந்த தவறு என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மற்றவை இவ்வளவு அப்பட்டமாக இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: சாற்றின் வட்டம் ஜென்டமைசினின் வட்டத்துக்கு ஏறக்குறைய நிகராக உள்ளது. ஜென்டமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். எங்கள் சாறு மில்லிக்கு 100 மில்லிகிராம். வில்லைக்கு 20 மைக்ரோலிட்டர் விடுவோம். கணக்குப் போட்டால் வில்லையில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். இருநூறு மடங்கு சரக்கை ஏற்றிவிட்டு இரண்டும் நிகர் என்று எழுதியிருக்கிறேன். சாற்றில் வேலை செய்யும் பொருள் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துத் தனியாகச் சோதித்தால் பதில் கிடைக்கும். நான் பிரிக்கப் போனதே இல்லை. பிரித்தால் அது ஏற்கெனவே பெயர் தெரிந்த டானினாகவோ சபோனினாகவோ முடிந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது.

டானினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடுக்காய், மாதுளைத் தோல், கருவேலம்பட்டை எதை எடுத்தாலும் எங்களுக்குப் பெரிய வட்டம் வரும். கடுக்காயை ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுவதற்குப் பயன்படுத்தியதை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டானின் புரதத்தோடு ஒட்டி அதை இறுக்கும். ஆட்டுத்தோலின் புரதமா, கிருமியின் புரதமா, நம் குடல் சுவரின் புரதமா என்று பார்க்காது. சபோனினும் லேசுப்பட்டதல்ல. பூந்திக்கொட்டையைக் கசக்கினால் நுரைப்பது அதனால்தான். கிருமியின் சவ்வைக் குலைக்கிற அதே சுறுசுறுப்போடு ரத்தச் சிவப்பணுவின் சவ்வையும் குலைத்துவிடும். எல்லாவற்றையும் கொல்கிற பொருளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பரந்த செயல்திறன்’.

அடுத்து, கிருமி. ஒரு கட்டுரையின் தலைப்பில் ‘மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்று போட்டிருந்தேன். உள்ளே சோதித்தது ஏடிசிசி 25923. துறையில் இருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்தாலே சிரித்துவிடுவார்கள். மருந்துக்கு எளிதில் அடங்குவதால்தான் அது அளவுகோல் ரகமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. கட்டுரையைப் பரிசீலித்தவர் கண்ணில் அது படவில்லை. பரிசீலனை நடந்ததா என்றே எனக்குச் சந்தேகம். பணம் கட்டிய வாரமே வெளியாகிவிட்டது. இன்னொரு கட்டுரைக்கு ஊரிலிருந்த ஒரு பரிசோதனைக்கூடத்திலிருந்து ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) என்று டியூபில் எழுதிக் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டோம். செஃபாக்ஸிடின் வில்லை ஒன்றை வைத்துப் பார்த்திருந்தால் அது நிஜமாகவே எம்.ஆர்.எஸ்.ஏ.தானா என்று மறுநாளே தெரிந்திருக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது அட்டவணைகளிலிருந்து நான் எடுத்துப்போட்ட ஈ.கோலை வரிசை. அது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம்.

2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் என்.டி.எம்-1 பற்றிய கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி அஸ்திரமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி அது. அந்த நொதியைக் கொண்ட கிருமிகளில் 44 சென்னையில் கிடைத்தவை, 26 ஹரியானாவில், 37 பிரிட்டனில், 73 இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேறு இடங்களில். நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்ததற்காக (என்.டி. என்றால் நியூ டெல்லி) நாடே கொந்தளித்தது. எனக்கு அது வரப்பிரசாதம். அதன்பிறகு எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் என்.டி.எம்-1-இல்தான் தொடங்கும். பின்னாட்களில் லான்செட் கணக்கும் சேர்ந்துகொண்டது: 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு எங்கள் குப்பைமேனி வட்டத்தைப் பார்க்கிறவருக்கு அது அமிர்தமாகத்தான் தெரியும்.

என்.டி.எம்-1 பெரும்பாலும் இருந்தது க்ளெப்சியெல்லாவிலும் ஈ.கோலையிலும். இரண்டும் கிராம் நெகட்டிவ் வகை. இவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. தாவரப் பொருள்களில் பலவற்றை அது உள்ளே விடாது. தப்பி நுழைவதையும் ஏக்ரேபி-டால்சி போன்ற பம்புகள், படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உடனுக்குடன் வெளியே கொட்டிவிடும். எங்கள் சாறுகளுக்கு ஈ.கோலை தட்டில் பெரும்பாலும் ஒன்றுமே வராது. ஸ்டெஃபைலோகாக்கஸ் தட்டில் வரும், அது கிராம் பாசிட்டிவ். அதனால் அட்டவணையில் அதை வைத்துக்கொண்டு ஈ.கோலை வரிசையை எடுத்துவிடுவேன். முதல் பத்தியில் எந்தக் கிருமியைக் காட்டிப் பயமுறுத்தினேனோ, அந்தக் கிருமியின் மயிரைக்கூட என் சாறு அசைக்கவில்லை. முதல் பத்தியும் அட்டவணையும் வெவ்வேறு உயிரைப் பற்றிப் பேசுகின்றன என்பதைப் படிக்கிறவர் கவனிக்கவில்லை. நான் கவனித்துத்தான் செய்தேன்.

ஏன் செய்தேன்? 2010-இல் யுஜிசி கொண்டுவந்த ஏபிஐ மதிப்பெண் முறையில் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வந்தது. பதவி உயர்வு அதில்தான் தொங்கியது. இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே கல்லூரியில் வருடத்துக்கு ஒரு கட்டுரைகூட எழுதாமல், எழுதினால் ஒழுங்காக எழுதிய தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கும் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. பணமில்லை என்றும் சொல்ல முடியாது. எம்ஐசி, அதாவது கிருமியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவை, 96 குழித் தட்டில் பார்ப்பதற்கு ஆகும் செலவு பெரிய செலவே இல்லை. எம்ஐசி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அதை மருந்தின் எண்ணோடு ஒப்பிட்டுவிடுவார்கள். வட்டம் அப்படியல்ல, படம் பிடித்துப் போடலாம். ஊர்ப் பத்திரிகைகள் என்னை ‘மூலிகை விஞ்ஞானி’ என்று எழுதின. நம் மண்ணின் மருந்துக்கு மேல்நாட்டுக்காரன் தலைவணங்குகிறான் என்று மேடையில் பேசினால் கைதட்டு விழும். அந்தக் கைதட்டு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் பேசி முடித்து இறங்கியபோது வயதான ஒருவர் வந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. சர்க்கரைப் புண்.

“சார், இதுக்குக் குப்பைமேனி வச்சுக் கட்டலாமா? ஆஸ்பத்திரியில கொடுத்த மாத்திரை வயித்தைப் புரட்டுது.”

“வச்சுப் பாருங்கய்யா” என்று சொன்னேன். அது நன்றாக நினைவிருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருப்பேன் என்று பல வருடம் என்னை நானே நம்பவைத்தேன். இப்போது அந்த நம்பிக்கையும் இல்லை. அவர் யார், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

என்னை உலுக்கியது அவர் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உலுக்கியது, ஆஸ்பத்திரி ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவி சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வி. “சார், நம்ம எக்ஸ்ட்ராக்டைப் பேஷன்ட்டுக்குக் கொடுக்கணும்னா டோஸ் என்ன சார் வரும்?” கிண்டல் இல்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாரும் பேசும் பாஷையே அதுதான். நான் ஒருநாளும் அந்தக் கணக்கைப் போட்டதில்லை.

அன்றிரவு போட்டேன். எங்களுடைய மிகச் சிறந்த சாறு ஒன்றுக்கு எப்போதோ பார்த்து வைத்திருந்த எம்ஐசி மில்லிக்கு 5 மில்லிகிராம். ஒரு மனிதரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அப்படியானால் அந்தப் பச்சைக் களி 25 கிராம் ஒரே சமயத்தில் ரத்தத்தில் கரைந்து நிற்க வேண்டும். திசுக்களுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் இன்னும் பல மடங்கு. சாப்பிட்டதெல்லாம் ரத்தத்துக்கு வராது. வந்ததைக் கல்லீரல் மாற்றிக் கழித்துவிடும். மிஞ்சியதை ரத்தத்திலுள்ள புரதம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க சிப்ரோஃப்ளாக்ஸசினை எடுத்துக்கொண்டேன். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் போட்டால் ரத்தத்தில் உச்சமாக மில்லிக்கு இரண்டிலிருந்து மூன்று மைக்ரோகிராம் வரை வரும். கட்டுப்படும் கிருமிக்கு அதுவே தாராளம். என் சாற்றுக்குத் தேவை 5000 மைக்ரோகிராம். இதைத்தான் ‘ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக அமையக்கூடும்’ என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதியிருந்தேன். ‘கூடும்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

அதன்பிறகுதான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். பாடம் நடத்துவதற்கு இல்லாமல், நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ளப் படித்தது அப்போதுதான்.

மேடைகளில் நான் கேடயமாகப் பிடித்த பெயர் சீனத்தின் து யூயூ. செடியிலிருந்து மருந்து எடுத்து 2015-இல் நோபல் பரிசே வாங்கினார் என்பேன். அவர் எடுத்த ஆர்ட்டிமிசினின் மலேரியாவுக்கானது. மலேரியா பாக்டீரியாவே இல்லை என்பதை மேடையில் சொல்லமாட்டேன். அவர் கதையைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. பழைய வைத்திய ஏடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான குறிப்புகளைத் திரட்டியிருக்கிறார்கள். அந்தச் செடியின் சாறு ஒரு தடவை வேலை செய்தது, மறுதடவை செய்யவில்லை. என் ஆய்வகமாக இருந்தால் வேலை செய்த தடவையை அச்சுக்கு அனுப்பியிருப்போம். அவர் செய்யாத தடவையைப் பிடித்துக்கொண்டார். ஏன் செய்யவில்லை என்று பழைய ஏட்டுக்கே திரும்பிப் போனார். அந்த ஏட்டை எழுதிய கே ஹொங் நீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் வடித்தார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி, மலேரியா பிடித்த எலிகளில் முழுப் பலன் தந்தது. மறு வருடம் அந்தச் சாற்றை அவரும் சகாக்களும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். நான் என் சாற்றை நாக்கில்கூட வைத்ததில்லை. மெத்தனால் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியுமே.

ஆனால் நான் செய்ததிலேயே பெரிய குற்றம் எதுவென்று காட்டிக்கொடுத்தது வேறொரு கட்டுரை. கொலராடோவைச் சேர்ந்த வேதியியலாளர் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸும் நுண்ணுயிரியலாளர் கிம் லூயிஸும் சகாக்களும் 2000-இல் வெளியிட்டது. பெர்பெரிஸ் என்ற செடியில் பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மரமஞ்சளிலும் இருப்பது அதே பெர்பெரின்தான். தனியாகக் கொடுத்தால் அது சோப்ளாங்கி. ஸ்டெஃபைலோகாக்கஸிடம் நோர்-ஏ என்றொரு பம்ப் இருக்கிறது. உள்ளே போகப் போக அதை வெளியேற்றிவிடும். அப்படியானால் செடி எதற்கு வேலை மெனக்கெட்டு இதைத் தயாரிக்கிறது? தேடிப் பார்த்தார்கள். அதே செடியில் 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்று இன்னொரு பொருள் கிடைத்தது. அது கிருமியை ஒன்றும் செய்யாது. பம்பை மட்டும் அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளேயே தங்கிக் கிருமியைக் கொன்றுவிடுகிறது. அதே பம்ப் வெளியேற்றும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் இந்தத் துணை உதவுகிறது.

இப்போது அந்தத் துணைப் பொருளை என் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து ஒரு வில்லையில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் வந்திருக்காது. “வேற இலை பாரும்மா” என்று சொல்லியிருப்பேன். தட்டு ஆட்டோகிளேவுக்குப் போயிருக்கும். இத்தனை வருடமும் ஸோன் வராத தட்டுகளை நாங்கள் நோட்டில்கூட எழுதியதில்லை. எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தக் கரைப்பான் என்று ஒரு குறிப்பும் கிடையாது. அவற்றில் ஒன்றிரண்டையாவது ஒரு பழைய ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கலாமே என்று இப்போது நினைத்துப் பயனில்லை. மூலிகைகளுக்காகப் பரிந்து பேசுவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அவை செய்யக்கூடியதைப் பார்க்கவே முடியாத ஒரு சோதனையை அவற்றுக்கு வைத்து, தோற்றவற்றைப் பெயர்கூடக் குறிக்காமல் அழித்திருக்கிறேன்.

பெர்பெரினின் அந்தத் துணைப் பொருள் ஏதோ ஒரே ஒரு விதிவிலக்கு என்றும் இல்லை. ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனத்தில் மிளகின் பைப்பெரின் ஸ்டெஃபைலோகாக்கஸின் பம்பைத் தடுத்து சிப்ரோஃப்ளாக்ஸசினுக்குத் துணைபோகிறது என்று 2006-இல் காட்டினார்கள். அதே நிறுவனத்தின் உழைப்பில் 2009-இல் சந்தைக்கு வந்த காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசினோடு பைப்பெரினும் சேர்ந்திருக்கிறது. உடம்பு மருந்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ள அது உதவுவதால் ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 போதும் என்று ஆனது. மிளகு அங்கே கிருமியைக் கொல்லவில்லை. அமெரிக்காவில் கஸாண்ட்ரா குவேவின் குழு 2015-இல் காட்டியது இன்னும் விசித்திரம்: இத்தாலிய நாட்டு வைத்தியத்தில் வரும் செஸ்ட்நட் மரத்தின் இலைச்சாறு எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கொல்லாமலே, கிருமிகள் தங்களுக்குள் சைகை காட்டி நஞ்சைச் சுரப்பதை நிறுத்துகிறது. என் தட்டில் இதுவும் பூஜ்யம்தான்.

இவற்றையும் ஊதிப் பெருக்கிவிடக் கூடாது. ஒரு தடவை செய்ததே போதும். சர்ப்பகந்தாவின் ரெசர்பைனும் நோர்-ஏ பம்பைத் தடுக்கும், ஆனால் அதற்கு வேண்டிய அளவைக் கொடுத்தால் நோயாளிக்கு ஆபத்து. பாக்டீரியாவின் பம்பை அடைக்கும் மருந்து எதுவும் இன்னும் சிகிச்சைக்கு அனுமதி பெறவில்லை. இன்று நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் வந்தவை அல்லது ஆய்வகத்தில் செய்தவை. நம் செல்ல மஞ்சளின் குர்குமினைப் பற்றி 2017-இல் கேத்ரின் நெல்சனும் சகாக்களும் மருந்துவேதியியல் இதழ் ஒன்றில் எழுதியது எல்லாருக்கும் கசப்பான சேதி. 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், முறையாக ஒப்பிட்ட ஒன்றில்கூட அது வெற்றி பெறவில்லை. தானாகச் சிதைவது, ஒளிர்வது, கண்ட புரதத்தோடும் ஒட்டுவது என்று சோதனைகளையே ஏமாற்றும் குணம் அதற்கு. அந்தக் கட்டுரை வந்த வாரமே எனக்கு ஒரு நண்பர் அனுப்பினார். திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தேன். அப்போது மஞ்சளைப் பற்றி என் கட்டுரை ஒன்று அச்சில் இருந்தது.

கரைப்பானுக்குக் கோடு போட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று சம்பந்தப்பட்ட இதழுக்கு எழுதினேன். மின்னஞ்சல் திரும்பி வந்தது, இதழ் நின்றுபோய்விட்டது. கட்டுரை மட்டும் இணையத்தில் எங்கெங்கோ பிரதியாகிக் கிடக்கிறது. அதை மேற்கோள் காட்டிப் புதிது புதிதாகக் கட்டுரைகள் வருகின்றன. என் வட்டத்தை ஆதாரமாக வைத்து இன்னொருவர் தன் வட்டத்தை எழுதுகிறார். அன்று கோடு போட்ட மாணவிக்கும் எழுதினேன். “அப்ப எல்லாரும் அப்படித்தானே சார் பண்ணினோம்” என்று பதில் போட்டிருந்தாள். என்மேல் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது வழிகாட்டியாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கரைப்பான் வில்லைக்கு வட்டம் வந்தால் அன்றைய தட்டுகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், வைவா தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஈ.கோலை வரிசை காலியாக இருந்தால் காலியாகவே அச்சிடுங்கள். வட்டம் வராத செடியின் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். புண்ணோடு வந்து கேட்பவரிடம் டாக்டர் கொடுத்த மாத்திரையை முடிக்கச் சொல்லுங்கள், அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் என் கட்டுரை எதுவும் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.